மேற்கோள் குறியைத் தின்பது யார்?

டெர்மினலைத் திறந்து, ஆர்எம் "மார்ச் கணக்கு" என்று தட்டி ஒரு ஃபைலை அழிக்கிறோம். ஃபைல் போய்விடுகிறது. சின்னக் கேள்வி ஒன்று: அந்த இரட்டை மேற்கோள் குறிகள் ஆர்எம் நிரலிடம் போய்ச் சேர்ந்தனவா? லினக்ஸில் இல்லை. அப்படி இரண்டு குறிகள் இருந்ததே ஆர்எம்முக்குத் தெரியாது. அதன் கைக்கு வந்தது நடுவில் ஸ்பேஸ் உள்ள ஒரே ஒரு பெயர்தான். குறிகளை வழியிலேயே தின்றுவிட்டது ஷெல், அதாவது நாம் தட்டும் வரியைப் படித்து நிரல்களை ஓட்டிவைக்கும் இடைநிலை நிரல். விண்டோஸில் கதை வேறு. அங்கே மேற்கோள் குறிகள் நிரலின் வாசல்வரை அப்படியே போகும். அவற்றை என்ன செய்வது என்று அந்த நிரல் பார்த்துக்கொள்ளும்.

கமாண்ட் லைனில் கோட்ஸ் (மேற்கோள் குறிகள்), எஸ்கேப் (ஒரு குறியின் சிறப்புப் பொருளைப் பறித்து வெறும் எழுத்தாக்குவது) என்று நாம் படும் அவஸ்தையில் பாதி இந்த ஒரு வேறுபாட்டிலிருந்து வருகிறது. மீதிப் பாதி, ஒரே வரியை ஒருவருக்குப் பின் ஒருவராக இரண்டு மூன்று பேர் படிப்பதால் வருகிறது. எந்தக் குறி போடவேண்டும் என்று இணையத்தில் தேடுவதற்கு முன், இந்த வரியை யார் படிக்கப்போகிறார்கள், எத்தனை முறை படிக்கப்போகிறார்கள் என்று யோசித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

முதலில் யூனிக்ஸ் பக்கம் (லினக்ஸும் மேக்கும் இந்தக் குடும்பம்தான்). அங்கே ஒரு நிரலை இன்னொரு நிரல் தொடங்கிவைக்கும்போது, ஆர்கியூமென்ட்களை (நிரலுக்குத் தரும் ஃபைல் பெயர் போன்ற மதிப்புகளை) ஒரு பட்டியலாகவே இயங்குதளத்தின் மையமான கர்னலிடம் கொடுக்கிறது. முதல் உறுப்பு இது, இரண்டாவது இது, மூன்றாவது இது, அவ்வளவுதான். கர்னலுக்கு ஸ்பேஸும் ஒன்றுதான், 'க'வும் ஒன்றுதான். மேற்கோள் குறிக்கு அங்கே எந்த மதிப்பும் கிடையாது. நீங்கள் தட்டிய நீண்ட வரியைப் பட்டியலாக வெட்டித் தருவது ஷெல்லின் வேலை. எங்கே வெட்டவேண்டாம் என்று ஷெல்லுக்குச் சொல்லத்தான் மேற்கோள் குறி. "இது எழுத்துச் சரம்" என்று அறிவிக்கும் குறி என்று, மற்ற நிரல்மொழிகளின் பழக்கத்தில், நாம் நினைத்துக்கொள்கிறோம். ஷெல்லில் எல்லாமே எழுத்துச் சரம்தான். ஒரு வார்த்தையின் நடுவில் மட்டும்கூட மேற்கோள் போடலாம்: மார்ச்" "கணக்கு என்று எழுதினாலும் அதே ஃபைல்தான் அழியும்.

இன்று நாம் பழகியிருக்கும் விதிகளின் பெரும்பகுதி 1979-இல் யூனிக்ஸின் 7-ஆம் பதிப்போடு வந்த போர்ன் ஷெல்லில் நிலைபெற்றது. ஒற்றை மேற்கோளுக்குள் எதற்கும் சிறப்புப் பொருள் இல்லை. உள்ளே இருப்பது உள்ளபடியே போகும். இரட்டை மேற்கோளுக்குள் டாலர் குறி ($), பேக்டிக் (`), பேக்ஸ்லாஷ் (\) ஆகியவை விழித்துக்கொண்டுதான் இருக்கும். மேற்கோளுக்கு வெளியே பேக்ஸ்லாஷ், அடுத்து வரும் ஓர் எழுத்தின் சிறப்பை மட்டும் பறிக்கும். கொடுத்ததைத் திரையில் அச்சிடும் கமாண்ட் எக்கோ. எக்கோ "விலை $500" என்று கொடுத்துப் பாருங்கள். 'விலை 00' என்று வரும். $5 என்றால் ஐந்தாவது ஆர்கியூமென்ட் என்று பொருள். அப்படி ஒன்று இல்லாததால் அந்த இடம் காலி, மிஞ்சியது இரண்டு பூஜ்யம். ஒற்றை மேற்கோள் போட்டிருந்தால் ஐந்நூறு ஐந்நூறாகவே இருந்திருக்கும்.

ஒற்றை மேற்கோளுக்கு ஒரே ஒரு குறை. அதற்குள் ஒற்றை மேற்கோளையே எழுத முடியாது. பேக்ஸ்லாஷ் போட்டும் பயனில்லை, ஏனென்றால் உள்ளே பேக்ஸ்லாஷுக்கும் சிறப்பு இல்லை. டி'சூசா என்ற பெயரை அனுப்பவேண்டுமானால் 'டி'\''சூசா' என்று எழுதவேண்டும். பார்த்தால் யாரோ விசைப்பலகைமேல் கை வழுக்கியதுபோல இருக்கும். ஆனால் தர்க்கம் சுத்தமானது: மேற்கோளை மூடு, வெளியே வந்து ஒரு குறியை பேக்ஸ்லாஷோடு வை, மறுபடி திற. மூன்று துண்டுகளும் நடுவில் ஸ்பேஸ் இல்லாததால் ஒரே வார்த்தையாக ஒட்டிக்கொள்கின்றன. பின்னாளில் பெல் ஆய்வகத்தில் பிளான் 9 இயங்குதளத்துக்காக டாம் டஃப் எழுதிய ஆர்சி ஷெல்லில் இந்தச் சங்கடமெல்லாம் இல்லை. அங்கே ஒற்றை மேற்கோள் மட்டும்தான். உள்ளே ஒன்று வேண்டுமென்றால் '' என்று இரண்டு முறை எழுதினால் போதும். என்னைக் கேட்டால் இதுதான் சரியான வடிவமைப்பு. ஆனால் உலகம் போர்ன் ஷெல்லின் பின்னால் போய்விட்டது.

போர்ன் ஷெல்லின் உட்புறத்தில் இன்னொரு சுவையான விஷயம் உண்டு. மேற்கோளுக்குள் வந்த எழுத்து எது, வெளியே வந்தது எது என்று அது எப்படி நினைவில் வைத்துக்கொண்டது? ஆஸ்கி எனும் ஆங்கில எழுத்துத் தொகுப்புக்கு 7 பிட் போதும். ஒரு பைட்டில் 8-ஆவது பிட் சும்மா கிடந்தது. மேற்கோளுக்குள் வந்த எழுத்தாக இருந்தால் அந்தப் பிட்டை ஏற்றிவைத்து, கடைசியில் இறக்கிவிட்டு நிரலிடம் கொடுத்தது. அன்றைக்குச் சிக்கனமான ஏற்பாடு. ஆங்கிலம் தவிர வேறு மொழியே கமாண்ட் லைனுக்கு வராது என்ற நம்பிக்கை அதற்குள் இருந்தது. எல்லா மொழி எழுத்துகளையும் பைட்களாக எழுதும் யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு பைட்டிலும் அந்த 8-ஆவது பிட் ஏறியேதான் இருக்கும். 'த' என்ற எழுத்தின் மூன்று பைட்களிலும் அந்தப் பிட்டை இறக்கினால் என்ன மிஞ்சும் தெரியுமா? `.$ என்ற மூன்று குறிகள். பேக்டிக்கும் டாலரும்! ஷெல்லுக்கு மிகவும் பிடித்த இரண்டு எழுத்துகள். 8 பிட்டையும் மதிக்கும் ஷெல்கள் பின்னால்தான் வந்தன. முதல் யூனிக்ஸ் ஷெல்லை 1971-இல் எழுதிய கென் தாம்சன்தான், 1992-இல் ராப் பைக்குடன் சேர்ந்து யூடிஎஃப்-8-ஐ வடிவமைத்தார் என்பது இதில் ஒரு வேடிக்கை.

தமிழ்ப் பெயர் வைத்த ஃபைல்கள் இன்று லினக்ஸில் பரவலாக உள்ள பாஷ் ஷெல்லில் எந்தச் சிக்கலும் இல்லாமல் ஓடுகின்றன. ஆனால் ஃபைல்களின் மாற்றங்களைப் பதிவுசெய்துவைக்கும் கிட் என்ற நிரலில் தமிழ் என்ற பெயருள்ள ஒரு ஃபைலைச் சேர்த்துவிட்டு நிலவரம் கேட்டால், "\340\256\244\340\256\256\340\256\277\340\256\264\340\257\215" என்று வந்து மிரட்டும். ஃபைல் கெட்டுப்போகவில்லை, ஆஸ்கி அல்லாத பைட்களை எண்ணடி 8-இல் எஸ்கேப் செய்து காட்டுவது கிட்டின் இயல்பு. கோட்பாத் என்ற அமைப்பை அணைத்துவிட்டால் தமிழ் தமிழாகத் தெரியும்.

சரி, விபத்துகளுக்கு வருவோம். ஷெல்லில் மிக அதிகமாக ஆளைக் கவிழ்ப்பது, வேரியபிளை மேற்கோள் இல்லாமல் எழுதுவது. ஒரு வேரியபிளில் 'மார்ச் கணக்கு' இருக்கிறது. அதை டாலர் குறியோடு வெறுமனே எழுதினால், ஷெல் மதிப்பை அங்கே வைத்துவிட்டு, வைத்ததை மறுபடி ஸ்பேஸ், டேப், புது வரி உள்ள இடங்களில் வெட்டுகிறது. நட்சத்திரக் குறி இருந்தால் அதை ஃபைல் பெயர்களாகவும் விரிக்கிறது. சுற்றிலும் இரட்டை மேற்கோள் இருந்தால்தான் இந்த இரண்டாவது வெட்டு நடக்காது. ஒரு ஸ்கிரிப்டுக்கு வந்த ஆர்கியூமென்ட்களை அப்படியே அடுத்த கமாண்டுக்குக் கடத்த "$@" என்றுதான் எழுதவேண்டும். $* என்று எழுதினால் துண்டு துண்டாகும், "$*" என்று எழுதினால் எல்லாம் ஒட்டி ஒரே ஆர்கியூமென்டாகும். மேக்கில் 2019-இன் கேட்டலினா முதல் இயல்பாக வரும் இசட்-ஷெல் இந்த இரண்டாவது வெட்டைச் செய்வதில்லை. அதனால் மேக் டெர்மினலில் தட்டிப் பார்த்தபோது ஒழுங்காக ஓடிய வரி, சர்வரில் பாஷ் கையில் போனதும் கவிழ்கிறது.

2001 நவம்பரில் ஆப்பிள் வெளியிட்ட ஐட்யூன்ஸ் 2.0-இன் இன்ஸ்டாலரில் இந்தத் தவறுதான் இருந்தது. பழைய பிரதியை அழிக்கும் வரியில் டிஸ்க்கின் பாதையை மேற்கோள் இல்லாமல் விட்டிருந்தார்கள். டிஸ்க் பெயரில் ஸ்பேஸ் வைத்திருந்த சிலருக்கு அந்த வரி வேறு இடத்தில் வெட்டுப்பட்டு, அவர்களின் ஃபைல்களை அள்ளிக்கொண்டு போனது. இன்ஸ்டாலரைத் திரும்பப் பெற்று 2.0.1 கொண்டுவந்தார்கள். திருத்தம் என்னவென்று பார்த்தால், இரண்டு மேற்கோள் குறிகள்.

அதற்காக மேற்கோள் குறியை மந்திரமாக நம்பிவிடவும் கூடாது. 2015 ஜனவரியில் லினக்ஸுக்கான ஸ்டீம் என்ற விளையாட்டு விற்பனைச் செயலியில் ஒரு பிழை வெளியே வந்தது. அங்கே அழிக்கும் வரியில் மேற்கோள் ஒழுங்காகவே இருந்தது. ஆனால் உள்ளே இருந்த வேரியபிள் காலியாகிவிட, மிஞ்சியது "/"* மட்டும். கணினியின் வேரிலிருந்து தொடங்கி, பயனருக்கு அனுமதி உள்ள அத்தனையையும் அழி என்று பொருள். அந்த வரிக்கு மேலே 'பயமாக இருக்கிறது' என்ற பொருளில் எழுதியவரே ஒரு குறிப்பும் வைத்திருந்தார். மேற்கோள் குறி வெட்டைத் தடுக்கும்; காலி மதிப்பைத் தடுக்காது.

இனி, பலர் படிக்கும் வரிகள். எஸ்எஸ்எச் வழியாகத் தொலைவில் உள்ள சர்வரில் அதே ஃபைலை அழிக்க, எஸ்எஸ்எச் சர்வர் ஆர்எம் "மார்ச் கணக்கு" என்று கொடுக்கிறீர்கள். உங்கள் கணினியின் ஷெல் மேற்கோளைத் தின்றுவிட்டு, ஒழுங்காகப் பட்டியல் போட்டுத் தருகிறது. எஸ்எஸ்எச் என்ன செய்கிறது? அந்தப் பட்டியலை ஸ்பேஸ் வைத்து மறுபடி ஒரே வரியாக ஒட்டி அந்தப் பக்கம் அனுப்புகிறது. அங்கே இன்னொரு ஷெல் அதைப் புதிதாக வெட்டுகிறது. ஆர்எம் 'மார்ச்' என்று ஒரு ஃபைலையும் 'கணக்கு' என்று இன்னொரு ஃபைலையும் தேடுகிறது. இரண்டு ஷெல் படிப்பதால் இரண்டு அடுக்கு மேற்கோள் வேண்டும்: முழு கமாண்டையும் ஒற்றை மேற்கோளுக்குள் வைத்தால் உள்ளே இருக்கும் இரட்டை மேற்கோள் மறுகரை போய்ச் சேரும். ஒரு ஃபைலில் பேக்ஸ்லாஷைத் தேட, தேடல் கமாண்டான கிரெப்புக்கு "\\\\" என்று நான்கு போடவேண்டியிருப்பதும் இதனால்தான். ஷெல் பாதியைத் தின்கிறது, தேடல் வடிவத்தின் மொழியான ரெகுலர் எக்ஸ்பிரஷன் மீதியில் பாதியைத் தின்கிறது. ஒற்றை மேற்கோளுக்குள் '\\' போதும், ஏனென்றால் அங்கே தின்ன ஓர் ஆள் குறைவு.

இப்போது விண்டோஸ். அங்கே ஒரு நிரலைத் தொடங்கும் கிரியேட் ப்ராசஸ் என்ற அழைப்பு பட்டியல் வாங்குவதில்லை. 32,767 எழுத்து வரை உள்ள ஒரே நீளமான வரியைத்தான் வாங்குகிறது. அதை வெட்டிப் பட்டியலாக்குவது தொடங்கப்பட்ட நிரலின் பொறுப்பு. பெரும்பாலான நிரல்கள் மைக்ரோசாஃப்டின் சி மொழி நூலகம் வெட்டுவதுபோலவே வெட்டிக்கொள்கின்றன. கட்டாயம் ஒன்றும் இல்லை. தனக்கென்று ஒரு வெட்டு வைத்திருக்கும் நிரல்களும் உண்டு. ஆகவே 'விண்டோஸில் ஆர்கியூமென்டை எப்படி எஸ்கேப் செய்வது' என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. எந்த நிரலுக்கு என்று திருப்பிக் கேட்கவேண்டும். நிரலின் பாதையையே மேற்கோள் இல்லாமல் கொடுத்தால், பெயர் எங்கே முடிகிறது என்று விண்டோஸ் ஊகிக்கும். சி:\ப்ரோக்ராம் ஃபைல்ஸ் என்று தொடங்கும் பாதையில், முதல் ஸ்பேஸோடு நிறுத்தி, சி டிரைவில் ப்ரோக்ராம் என்று ஏதாவது நிரல் இருக்கிறதா என்று முதலில் பார்க்கும். அங்கே ஒருவன் அந்தப் பெயரில் தன் நிரலை வைத்துவிட்டால், அதுதான் ஓடும். விண்டோஸ் சர்வீஸ்களில் திரும்பத் திரும்ப அகப்படும் பாதுகாப்புக் குறை இது.

சி நூலகத்தின் விதியில் பேக்ஸ்லாஷுக்கு இரட்டை வேடம். பாதைகளில் ஃபோல்டரைப் பிரிப்பது அதுதான். டாஸில் 1983-இல் 2.0 பதிப்போடுதான் ஃபோல்டர்கள் வந்தன; அதற்குள் சாய்கோடு கமாண்டின் ஸ்விட்சுகளுக்கு ஒதுக்கப்பட்டுவிட்டதால் எதிர்ச் சாய்கோடு பாதைக்குப் போனது. எஸ்கேப் எழுத்தாகவும் அதே பேக்ஸ்லாஷ். இரண்டும் மோதாமலிருக்க ஒரு சமரசம் செய்தார்கள்: பின்னால் மேற்கோள் குறி வராதவரை பேக்ஸ்லாஷ் வெறும் பேக்ஸ்லாஷ். மேற்கோள் குறி வந்தால் எண்ணிக்கை பார்க்கப்படும். இரட்டைப்படையில் இருந்தால் பாதி மிஞ்சும், மேற்கோள் தன் வேலையைச் செய்யும். ஒற்றைப்படையில் இருந்தால் கடைசி பேக்ஸ்லாஷ் மேற்கோளை வெறும் எழுத்தாக்கிவிடும்.

இந்தச் சமரசத்தில் நானும் ஒருமுறை மாட்டிக்கொண்டேன். ஒரு சிறிய அலுவலகத்துக்கு இரவு நேர நகலெடுப்புக்காக ஸ்கிரிப்ட் எழுதிக் கொடுத்திருந்தேன். எங்கிருந்து, எங்கே என்று இரண்டு ஃபோல்டர்கள்: "சி:\படங்கள்\" "டி:\நகல்". பார்வைக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் முதல் ஃபோல்டரின் கடைசி பேக்ஸ்லாஷ், மூடவேண்டிய மேற்கோளை வெறும் எழுத்தாக்கிவிட்டது. நிரலுக்குப் போனது சி:\படங்கள்" டி:\நகல் என்ற ஒற்றை ஆர்கியூமென்ட். மூன்று வாரம் ஒரு ஃபைல்கூட நகலாகவில்லை. லாகைத் திறந்து பார்த்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. கடைசி பேக்ஸ்லாஷை எடுத்துவிட்டால் தீர்ந்தது. டிரைவின் வேரைக் குறிக்கும்போது மட்டும் எடுக்கக் கூடாது, ஏனென்றால் டி: வேறு, டி:\ வேறு. அங்கே "டி:\\" என்று இரண்டாக எழுதவேண்டும்.

இதற்கு மேல் சிஎம்டி, அதாவது விண்டோஸின் பழைய ஷெல். அது தனக்கென்று வேறு விதி வைத்திருக்கிறது. அதன் எஸ்கேப் எழுத்து ^ என்ற கேரட். \" என்ற சேர்க்கை அதற்குத் தெரியவே தெரியாது, ஒவ்வொரு மேற்கோள் குறியையும் திற, மூடு, திற, மூடு என்று எண்ணிக்கொண்டு போகும். மேற்கோளுக்குள் கேரட் வேலை செய்யாது, ஆனால் சதவீதக் குறி வேலை செய்யும். கமாண்ட்களை வரிசையாக எழுதிவைக்கும் பேட்ச் ஃபைலில் % வேண்டுமென்றால் %% என்று எழுதவேண்டும்.

இந்த இரண்டு விதிகளும் ஒன்றையொன்று அறியாமல் இருந்ததன் விளைவு 2024 ஏப்ரலில் வெடித்தது. ரியோடாகே என்ற புனைபெயரில் இயங்கும் ஜப்பானிய ஆய்வாளர் கண்டுபிடித்து, பேட்பேட்பட் என்று பெயரிட்ட குறை அது. கிரியேட் ப்ராசஸிடம் ஒரு பேட்ச் ஃபைலைக் கொடுத்தால், அது சத்தமில்லாமல் சிஎம்டியை அழைத்து ஓட்டவைக்கிறது. நிரல்மொழிகளின் நூலகங்களோ சி விதிப்படி எஸ்கேப் செய்து அனுப்புகின்றன. வெளியிலிருந்து ஒருவன் " & கால்க் என்ற மதிப்பைக் கொடுக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். நூலகம் அதை "\" & கால்க்" என்று பத்திரமாகக் கட்டுகிறது. சி விதியில் இது பழுதில்லாத ஒரே ஆர்கியூமென்ட். சிஎம்டி படித்தால், முதல் குறியில் திறக்கிறது, பேக்ஸ்லாஷைக் கண்டுகொள்ளவில்லை, இரண்டாவது குறியில் மூடுகிறது, & வெளியே நிற்கிறது. அடுத்து கால்குலேட்டர் திறக்கிறது. கால்குலேட்டருக்குப் பதில் அவன் எதை வேண்டுமானாலும் ஓட்டியிருக்கலாம்.

ரஸ்ட் மொழியில் இந்தக் குறைக்குத் தீவிர அளவு 10-க்கு 10 கொடுக்கப்பட்டது. நோட், பிஹெச்பி, ஹாஸ்கெல் ஆகியவற்றிலும் இருந்தது. ரஸ்ட் குழு 1.77.2-இல் எஸ்கேப் முறையைப் பலப்படுத்தியது. ஆனாலும் சிஎம்டியின் விதிகளில் எல்லா மதிப்பையும் பாதுகாப்பாக எஸ்கேப் செய்ய ஒரு வழி அவர்களுக்குக் கிடைக்கவில்லை. அதனால் உறுதியாகச் சொல்ல முடியாத மதிப்பு வந்தால் நிரலை ஓட்டாமல் பிழை என்று திருப்பி அனுப்பிவிடுகிறது. எனக்கு இந்த முடிவு மிகவும் பிடித்திருந்தது. முடியாது என்று சொல்லும் நூலகம், முடிந்ததுபோல் நடிக்கும் நூலகத்தைவிட மேல்.

அதே ஆண்டு ஜூனில் இன்னொன்று. பிஹெச்பியை, வெப் சர்வர் தனி நிரலாக அழைக்கும் சிஜிஐ முறையில் ஓட்டினால், இணைய முகவரியில் கேள்விக்குறிக்குப் பின் வரும் பகுதி, அதில் சமக்குறி இல்லாவிட்டால், கமாண்ட் லைன் ஆர்கியூமென்டாகவே போகக்கூடும் என்பது பழைய வழக்கம். அங்கே சிறுகோட்டில் தொடங்கும் எதையாவது எழுதினால் பிஹெச்பி அதைத் தன் ஆப்ஷன் என்று எடுத்துக்கொண்டது. 2012-இல் இது தெரியவந்து, சிறுகோட்டில் தொடங்கினால் தடு என்று அடைத்தார்கள். 12 ஆண்டு கழித்து தைவானின் டெவ்கோர் நிறுவனத்தைச் சேர்ந்த ஆரஞ்சு சாய், சிறுகோட்டுக்குப் பதிலாக சாஃப்ட் ஹைஃபன் என்ற வேறு எழுத்தை அனுப்பினார். தடுப்புக் காவலுக்கு அது சிறுகோடு இல்லை, உள்ளே விட்டது. பிறகு சீன, ஜப்பானிய மொழி அமைப்புள்ள விண்டோஸ், அந்த எழுத்துக்குத் தன் குறிப்பெயர்ப்புப் பட்டியலில் நேர் எழுத்து இல்லாததால், 'கிட்டத்தட்டப் பொருந்துவது' என்று அதைச் சாதாரணச் சிறுகோடாக மாற்றிக் கொடுத்தது. எஸ்கேப் முடிந்தபின் எழுத்தே மாறிவிட்டால் எந்த விதி என்ன செய்யும்? இதே வழியில் அகலமான இரட்டை மேற்கோள் ஒன்று சாதாரண மேற்கோளாக மாறக்கூடும். ஜப்பானிய விண்டோஸில் யென் நாணயக் குறி பேக்ஸ்லாஷாக மாறக்கூடும்.

விண்டோஸின் புதிய ஷெல்லான பவர்ஷெல்லைப் பற்றிச் சுருக்கமாக. அதன் எஸ்கேப் எழுத்து பேக்டிக். ஆர்கியூமென்டுக்குள் இருக்கும் இரட்டை மேற்கோள், வெளி நிரலுக்குப் போகும்போது காணாமல் போவது அதன் நீண்ட நாள் நோய். மேற்கோள் குறிகள் நிறைந்த ஜேசன் தரவை, இணையத்துக்கு அனுப்பும் கர்ல் நிரலுக்குக் கொடுத்துவிட்டு மண்டையைப் பிய்த்துக்கொண்டவர்கள் எத்தனையோ பேர். 2022 நவம்பரில் வந்த 7.3-இல்தான் சரியானது, விண்டோஸோடு சேர்ந்தே வரும் 5.1-இல் இன்னும் அப்படியே. அப்புறம், வேர்டிலிருந்தோ வாட்ஸ்அப்பிலிருந்தோ நகலெடுத்த கமாண்டில் “ ” என்ற வளைந்த மேற்கோள்கள் வந்தால் பவர்ஷெல் அவற்றையும் மேற்கோளாக ஏற்றுக்கொள்ளும். பாஷுக்கு அவை வெறும் எழுத்துகள்.

நடைமுறைக்கு வந்தால், நல்ல எஸ்கேப்பைவிட நல்லது எஸ்கேப்பே தேவைப்படாத வழி. பைத்தானிலிருந்து ஒரு நிரலை ஓட்டவேண்டுமென்றால், ஒட்டிய வரியாகக் கொடுக்காமல் ஆர்கியூமென்ட்களைப் பட்டியலாகவே கொடுங்கள். லினக்ஸில் நடுவில் ஷெல்லே வராது. வெளியிலிருந்து வரும் ஃபைல் பெயர்களுக்கு முன் -- போட்டுவிட்டால், சிறுகோட்டில் தொடங்கும் பெயர் ஆப்ஷனாக மாறாது. மேற்கோள் குறி இதற்கு உதவாது என்பதைக் கவனிக்கவேண்டும், "-ஆர்" என்று மேற்கோளிட்டாலும் நிரலுக்குப் போவது -ஆர்தான். ஃபைல் பெயர்களை ஒரு கமாண்டிலிருந்து இன்னொன்றுக்குக் கொடுக்கும்போது, யூனிக்ஸில் பெயருக்குள் வரவே முடியாத பூஜ்ய பைட்டை வைத்துப் பிரிக்கலாம். ஃபைல்களைத் தேடும் ஃபைண்ட், வந்த பெயர்களை வேறு கமாண்டுக்கு ஆர்கியூமென்டாக்கும் எக்ஸ்ஆர்க்ஸ் இரண்டிலும் பல காலமாக இருக்கும் இந்த வசதி, யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான போசிக்ஸ் தரத்தில் 2024-இல்தான் ஏறியது. ஷெல் ஸ்கிரிப்டை ஷெல்செக் என்ற பிழை தேடும் நிரலில் ஒருமுறை கொடுத்தால், மேற்கோள் விட்டுப்போன வேரியபிள்களை எல்லாம் அதுவே பட்டியல் போட்டுவிடும்.

நகலெடுப்பு விவகாரத்துக்குப் பிறகு நான் ஒரு குட்டி நிரல் வைத்திருக்கிறேன். தனக்கு வந்த ஒவ்வோர் ஆர்கியூமென்டையும் < > குறிகளுக்குள் வைத்து, வரிக்கு ஒன்றாக அச்சிடும். வேறு வேலை அதற்குக் கிடையாது. சந்தேகமான கமாண்டில் உண்மையான நிரலின் பெயரை எடுத்துவிட்டு இதன் பெயரைப் போட்டு ஓட்டிப் பார்ப்பேன். அன்றைய நகலெடுப்பு வரியை இதில் கொடுத்தபோது, இரண்டு வரி வரவேண்டிய இடத்தில் ஒன்றுதான் வந்தது:

<சி:\படங்கள்" டி:\நகல்>